மெனோபாஸ்: உங்கள் உடம்புக்கு ஏற்ற சிகிச்சையை டாக்டரிடம் கேட்டு வாங்குவது எப்படி

நாற்பத்தைந்து தாண்டிய ஒரு பெண், "ராத்திரி திடீர்னு குப்புனு வேர்க்குது டாக்டர், தூக்கமே இல்ல, காரணமே இல்லாம எரிச்சல் வருது" என்று சொன்னால் பெரும்பாலும் நடப்பது இரண்டில் ஒன்று. "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதாம்மா" என்று ஒரு கால்சியம் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் மகளிர் பேக்கேஜ் என்று நீளமான ரத்தப் பரிசோதனைப் பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். இரண்டிலுமே உங்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரே வயது, ஒரே மாதிரி வேர்வை என்று இரண்டு பெண்கள் வந்தாலும், ஒருவருக்குக் கொடுக்கிற மாத்திரை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாததாக இருக்கலாம். கர்ப்பப்பை இருக்கிறதா, சினைப்பை இருக்கிறதா, கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது, ரத்தக்கட்டு வந்ததுண்டா, என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஓ.பி.யில் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் இவ்வளவும் டாக்டர் காதுக்குப் போக வேண்டுமென்றால், பாதி வேலையை நாம் வீட்டிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும்.

முதலில் நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் வருகிறது, நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47லேயே வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய சில வருடங்களில், மாதவிடாய் முன்னே பின்னே வருகிற காலத்தில்தான் தொல்லை அதிகம். 43 வயதில் ஆரம்பித்துவிட்டதே என்று பதற வேண்டாம், ஆனால் 45க்கு முன்பே மாதவிடாய் நிற்கிற மாதிரி தெரிந்தால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். 45 தாண்டியவர்களுக்கு அறிகுறிகளை வைத்தே சொல்லிவிடலாம், எஃப்.எஸ்.எச். போன்ற ஹார்மோன் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. இந்தக் காலத்தில் அது இன்று ஏறும், அடுத்த மாதம் இறங்கும், அந்தக் காசு மிச்சம். 40 வயதுக்குள் நின்றுவிட்டால் கதையே வேறு. அப்போது எஃப்.எஸ்.எச். பரிசோதனையை நான்கிலிருந்து ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார்கள். வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக நிற்கிற வயது வரைக்கும் ஹார்மோன் கொடுப்பதுதான் வழக்கமான சிகிச்சை, ஏனென்றால் எலும்பும் இதயமும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

காலண்டரும் ஒரு தாளும்

ஆப் எல்லாம் வேண்டாம், சமையலறையில் பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர் போதும். ரத்தப்போக்கு இருந்த நாளுக்கு ஒரு குறி, எத்தனை பேட் மாற்றினீர்கள், ராத்திரி வேர்த்து எத்தனை முறை எழுந்தீர்கள். இரண்டு மாதம் எழுதினால் போதும். "ரொம்பப் போகுது டாக்டர்" என்பதை விட "ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பேட், கட்டி கட்டியாக, எட்டு நாள்" என்பது டாக்டரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

அப்புறம் ஒரு தாளில் உங்கள் கதையை எழுதுங்கள். மாதிரிக்கு இப்படி:

"வயது 48. கடைசி மாதவிடாய் மார்ச்சில், அதற்கு முன் நான்கு மாதம் வரவில்லை. ராத்திரி இரண்டு மூன்று முறை நைட்டி நனைகிறது. தைராய்டு மாத்திரை 75, பி.பி. மாத்திரை இரண்டு வருடமாக. கர்ப்பப்பை இருக்கிறது. காலில் ரத்தக்கட்டு வந்ததில்லை. ஒற்றைத் தலைவலி உண்டு. சித்திக்கு 52 வயதில் மார்பகப் புற்றுநோய், அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. இப்போதைக்குப் பெரிய தொல்லை தூக்கம்தான். சிகிச்சையால் மறுபடி மாதா மாதம் ரத்தப்போக்கு வந்தால் எனக்கு ஒத்துவராது."

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. பி.பி.யும் ஒற்றைத் தலைவலியும் இருப்பதால் மாத்திரையை விடத் தோலில் தடவும் ஜெல் நல்லதா என்று யோசிப்பார்கள். அம்மாவின் எலும்பு முறிவு, எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனைச் சீக்கிரமே எடுக்கலாமா என்ற கேள்வியைக் கொண்டுவரும். கடைசி வரி ரொம்ப முக்கியம், அதை யாரும் எழுதுவதில்லை. மாதவிடாய் முழுதாக நிற்காத காலத்தில் ஹார்மோன் கொடுத்தால் வழக்கமான முறையில் மாதா மாதம் ரத்தப்போக்கு வரும். அது வேண்டாம் என்று சொன்னால்தான் கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் உள்ள கருத்தடை சாதனம் போன்ற வேறு வழியைப் பற்றிப் பேச்சே எழும்.

கர்ப்பப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள், பீரோவின் அடியில்தான் இருக்கும். "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்று சொல்கிற பல பேருக்குச் சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்று தெரியாது. இரண்டு சினைப்பையையும் எடுத்திருந்தால் மறுநாளே மெனோபாஸ்தான், அது 38 வயதில் நடந்திருந்தால் மேலே சொன்ன 40க்கு உட்பட்ட கணக்கு. தாள் கிடைக்காவிட்டால் ஸ்கேனில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் மெனோபாஸ் தலையில் கட்டாதீர்கள்

தைராய்டு கூடினாலும் வேர்க்கும், படபடக்கும். ரத்தசோகையிலும் மூச்சு வாங்கும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கு ராத்திரி வேர்ப்பது சர்க்கரை இறங்குவதால் இருக்கலாம், அந்த நேரத்தில் எழுந்து ஒரு முறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். வேர்வையோடு சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவதும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், சர்க்கரை, கொழுப்பு, பி.பி. இவ்வளவுதான் முதலில் தேவை, ஐயாயிரம் ரூபாய்ப் பட்டியல் இல்லை. மாதவிடாய் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், இந்த வயதிலும் நடக்கிறது. 50 வயதுக்கு முன் நின்றவர்கள் இரண்டு வருடம், 50க்குப் பின் நின்றவர்கள் ஒரு வருடம் வரைக்கும் கருத்தடையைத் தொடர வேண்டும். பி.பி., சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.

ஹார்மோன் என்றாலே கேன்சரா?

இந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. 2002இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்றில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்ட்ரோன் போன்ற ஹார்மோன்) சேர்த்து எடுத்த பிரிவைப் பாதியில் நிறுத்தினார்கள், உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது தலைப்பில் வரவில்லை. 10,000 பெண்கள் ஒரு வருடம் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் 8 பேருக்குக் கூடுதலாக வந்தது. கர்ப்பப்பை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பிரிவில் அது அதிகரிக்கவே இல்லை. அந்தத் தரவுகளை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்த பிறகு இன்று மருத்துவச் சங்கங்கள் சொல்வது: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள், தொல்லை அதிகமாக இருந்து வேறு தடையும் இல்லாவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு நன்மைதான் கூடுதல்.

தடை யாருக்கு? மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள். சித்திக்குப் புற்றுநோய் இருந்தது என்பது மட்டுமே தடை ஆகிவிடாது, ஆனால் அதைச் சொல்லிப் பேசியே ஆக வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை மூன்று. கர்ப்பப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம், எனவே "எனக்கு புரோஜெஸ்ட்ரோன் சேர்த்திருக்கிறதா?" என்று கேளுங்கள். "மாத்திரையா ஜெல்லா, எனக்கு ஏன் இது?" என்று கேளுங்கள்; மாத்திரை ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும், வழக்கமான அளவில் தடவும் ஜெல் அப்படிக் கூட்டுவதாகத் தெரியவில்லை. "எப்போது திரும்ப வரட்டும்?" என்பது மூன்றாவது.

ஹார்மோன் முடியாது, வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. வென்லாஃபாக்சின், பராக்சிடின், கபாபென்டின் ஆகியவை வேர்வையைக் குறைக்கும். சீட்டில் மனச்சோர்வு மாத்திரை எழுதியிருப்பதைப் பார்த்து, நமக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரோ என்று மருந்துக் கடையிலேயே திரும்பிவிடாதீர்கள், இது வேர்வைக்கான சிகிச்சை. மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், பராக்சிடின் அதன் வேலையைக் கெடுக்கும். நிஜமாகவே மனசு தாங்க முடியாத அளவுக்குப் போனால் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

பிறப்புறுப்பு வறட்சி, உறவின்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு. இதை வாயால் சொல்ல முடியவில்லையா? தாளில் எழுதி நீட்டுங்கள். அந்த இடத்தில் மட்டும் வைக்கிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, உடம்புக்குள் மிகக் குறைவாகத்தான் போகும், நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதையும் குறைக்கும். மாமியார் கூட வரும்போது இந்தப் பேச்சு எழாது, தனியாகப் போங்கள்.

ரத்தப்போக்கு அதிகம் என்றவுடன் "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றால் கொஞ்சம் பொறுங்கள். டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை, ஹார்மோன் உள்ள கருத்தடை சாதனம் இவற்றால் பலருக்கு அடங்கிவிடும். தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றலைக் கண்காணிக்கும் வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்த அளவுக்கு இது நடந்திருக்கிறது. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது அவமரியாதை இல்லை. மாறாக, நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் தள்ளிப்போடக் கூடாது, அந்த வாரமே ஸ்கேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இருந்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

கால்சியம் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் வரை வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340க்குப் பக்கம் கிடைக்கும், பால், தயிர், எள்ளு சேர்த்தால் பாதிக்கு மேல் வந்துவிடும். மாத்திரை போட்டால் காலை தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் கழித்துப் போடுங்கள், இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிட்டு தைராய்டு அடங்கவில்லை என்று டோஸ் ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. சதாவரி லேகியம், வெளிநாட்டிலிருந்து வரும் பிளாக் கோஹாஷ் மாத்திரை எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், பின்னதால் ஈரல் பாதித்தவர்கள் உண்டு. எச்சிலைப் பரிசோதித்து "உங்களுக்கென்றே கலக்கிய ஹார்மோன்" என்று விற்பவர்களிடம் போகாதீர்கள், அந்தப் பரிசோதனையை வைத்து டோஸ் நிர்ணயிக்க ஆதாரம் இல்லை.

ஹார்மோன் ஆரம்பித்தால் மூன்று மாதத்தில் ஒரு முறை காட்டுங்கள், அதே காலண்டரோடு. முதல் சில மாதங்கள் அங்கங்கே ரத்தம் படுவது சகஜம், ஆறு மாதம் தாண்டியும் படுகிறது என்றால் பார்க்க வேண்டும். வேர்வை குறையவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்களே நிறுத்தாதீர்கள், டோஸ் மாற்ற இடம் இருக்கிறது. அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை போதும்: பி.பி., மார்பகப் பரிசோதனை, இன்னும் தேவைப்படுகிறதா என்ற பேச்சு. எத்தனை வருடம் என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான கணக்கு இல்லை. நிறுத்துகிறபோது டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள், வேர்வை கொஞ்ச நாளைக்குத் திரும்ப வரலாம். வறட்சிக்கான க்ரீமை மட்டும் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள், ஏனென்றால் அந்தத் தொல்லை தானாகப் போகிற வகை இல்லை.