"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள்

பெரியவர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. வெல்டிங்கோ லேத்தோ, விளக்கி முடித்ததும் "எல்லோருக்கும் புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். 45 வயதுக்காரர், தன் மகன் வயதுப் பையன்களுக்கு நடுவே "புரியவில்லை" என்று எப்படிச் சொல்வார்? ஆனால் ஓடும் இயந்திரத்தின் முன் அந்த மௌனத்துக்கு விரலே விலையாகலாம்.

கேள்வியை மாற்றிப் பாருங்கள்: "இதில் எந்த இடத்தில் கை தடுமாறும்?" இப்போது சந்தேகம் ஆளைப் பற்றியது இல்லை, வேலையைப் பற்றியது. கேட்டபின் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அவசரப்பட்டு நாமே பதில் சொல்லிவிடுவதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். அப்புறம் இரண்டிரண்டு பேராக ஒருவருக்கொருவர் செய்து காட்டட்டும், நீங்கள் சுற்றி நடந்து பாருங்கள். தப்பு செய்தவரைக் கூட்டத்தின் முன் திருத்த வேண்டாம், அருகில் போய்ச் சொல்லுங்கள். (கை ஆபத்தில் இருந்தால் தாராளமாகக் கத்தலாம்!)

யாரையும் திடீரென்று எழுப்பிக் கையேட்டை வாசிக்கச் சொல்லாதீர்கள். எழுதப் படிக்கத் தடுமாறுவதை இத்தனை வருடம் மறைத்து வந்தவர் மறுநாள் வராமலே போகலாம். பாதுகாப்பு விதிகளை நீங்களே வாசித்து, படத்தோடு சுவரில் ஒட்டிவிடுங்கள்.

வயரிங் வகுப்பா? சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவர்கள் உண்டு. ஆண்களிடம் இது அதிகம். பயிற்சிப் பலகையில் வயர் முனைகளுக்கு எண்ணும் போடுங்கள். கையுறை, காலணிகளில் சிறிய அளவும் வாங்கி வையுங்கள். தொளதொளவென்ற கையுறையோடு பிடி நிற்காது. சுழலும் இயந்திரத்தில் மட்டும் எந்த அளவுக் கையுறையும் கூடாது.