மூத்தது ‘தூக்கு’ன்னு கை நீட்டினா...

ரெண்டாவது உண்டானா எல்லாரும் மசக்கையைப் பத்தித்தான் விசாரிப்பாங்க. எனக்குச் சோதனை, மூணு வயசுப் பெரியவள் "தூக்கும்மா"ன்னு கை நீட்டும்போதுதான். தண்டையார்பேட்டையில் எங்க வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

இப்போ கீழ்ப்படியிலேயே நான் உட்கார்ந்துடறேன். அவளே மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கிட்டு, ஆசை தீர்ந்ததும் இறங்கிடுவா. அப்புறம் கையைப் பிடிச்சு, படி எண்ணிக்கிட்டே ஏறுவோம். மாடிக்குப் போனதும் ஒரு பொரி உருண்டை. லஞ்சம்தான், ஒத்துக்கறேன்! ஒரே வாரத்தில் பழகிட்டா.

ராத்திரி பாட்டிகூடப் படுக்க மூத்ததை ஏழாம் மாசத்திலேயே பழக்கிடுங்க. வலி வந்த அன்னைக்குப் பழக்க முடியாது. அதுவரை உங்களுக்கும் குழந்தைக்கும் நடுவுல ஒரு தலையணை. தூக்கத்துல உதைக்குது பாருங்க, நேரா வயித்துலதான். மெட்ரோ வாட்டர் அடி பம்பு, குடம் தூக்கறது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. அதுல பேச்சே கிடையாது.

இன்னொண்ணு. முதல் குழந்தைக்குப் பண்ணியாச்சேன்னு பிக்மி பதிவை, அதான் கர்ப்பத்தை அரசாங்கத்துல பதியறதை, விட்டுடாதீங்க. இந்தக் கர்ப்பத்தையும் உங்க ஏரியா அரசு சுகாதார நிலையத்தில் பதியணும். பதிஞ்சா 12 இலக்க எண் ஒண்ணு கிடைக்கும்; பிறப்புச் சான்றிதழ் வாங்கறப்போ அதைக் கேப்பாங்க. நான் அதை ஆஸ்பத்திரிப் பையோட உள்பக்கம் எழுதி ஒட்டிட்டேன். பக்கத்திலேயே பெரியவளுக்கு எந்தப் பாவாடை, எந்த டப்பாவில் ரஸ்க்குன்னும் இருக்கு. அவ அப்பாவுக்கு அது தெரியாது.