பஜ்ஜிய பத்து நிமிஷம் வெயிட் பண்ண வைங்க

நாளையிலேர்ந்து சுகர் கட், எண்ணெய் பலகாரம் கட், ராத்திரி ரீல்ஸ் கட்னு ஞாயித்துக்கிழமை சபதம் எடுத்துட்டு செவ்வாய்க்கிழமையே டீக்கடை பெஞ்சுல பஜ்ஜிய பேப்பர்ல அமுக்கி எண்ணெய் எடுத்துட்டு இருந்த ஆளு நானு. அதனால ஆசைய அடக்க எனக்கு ஒர்க் அவுட் ஆனத மட்டும் சொல்றேன்.

மொதல்ல ஒண்ணே ஒண்ண எடுங்க. எனக்கு அது நாலரை மணி பஜ்ஜி. அத நிறுத்த வேணாம், ஆசை வந்ததும் பத்து நிமிஷம் தள்ளிப்போடுங்க, போன்ல டைமர் வச்சிருங்க, அடிச்சப்புறமும் வேணும்னா தாராளமா சாப்பிடுங்க. பழகுறது அந்த பத்து நிமிஷத்த தான், பட்டினிய இல்ல.

ஆனா அந்த பத்து நிமிஷம் எங்க நிக்கிறீங்கன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. வாணலி பக்கத்துலயே நின்னு, வாழைக்காய மாவுல முக்கி எண்ணெய்ல போடுற சத்தத்த கேட்டுட்டு பல்ல கடிச்சா முனிவரே தோத்துருவாரு. 1960கள் கடைசில ஸ்டான்ஃபோர்டுல வால்டர் மிஷல்னு ஒரு சைக்காலஜிஸ்ட், கொஞ்சம் பொறுத்தா ரெண்டு ஸ்வீட்னு சின்ன பசங்கள வெயிட் பண்ண வச்சாரு, அதுல பாட்டு பாடி வேற எதையாச்சும் நெனச்சிட்டு இருந்த வாண்டுங்க தான் ரொம்ப நேரம் தாக்குப்பிடிச்சுச்சுங்க. (அப்படி பொறுத்ததுங்க தான் பின்னாடி லைஃப்ல ஜெயிச்சுச்சுங்கன்னு சொல்ற கதைய அப்படியே நம்பாதீங்க, 2018ல பெருசா திரும்ப ஆராய்ஞ்சப்ப, வீட்டு நிலைமைய கணக்குல எடுத்ததும் அந்த தொடர்பு ரொம்ப தேஞ்சு போச்சு.) நான் தெருமுனை வரைக்கும் நடந்துட்டே அம்மாவுக்கு போன் போடுவேன், பேசி முடிக்கிறதுக்குள்ள பாதி நாள் பஜ்ஜியே மறந்துரும்.

ரீல்ஸ் மேட்டர் இதவிட ஈஸி, சார்ஜர தூக்கி கிச்சன்ல மிக்ஸி பக்கத்துல மாட்டிட்டேன், படுத்தப்புறம் எந்திரிச்சு போக யாருக்கு தெம்பு இருக்கு.

21 நாள்ல பழக்கமாயிடும்னு சொல்றத நம்பி ஏமாறாதீங்க. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சி ஒண்ணுல ஒரு புதுப்பழக்கம் தானா வர நடுவாந்தரமா 66 நாள் ஆகும்னு கணக்கு வந்துச்சு, ஆளப்பொறுத்து 18லேர்ந்து 254 வரைக்கும். நடுவுல ஒருநாள் விட்டுப்போனா குடி முழுகிடாதுன்னும் அதுல தெரிஞ்சுது, மறுநாள் திரும்ப டைமர போடுங்க. நான் மாச காலண்டர்ல டிக் போடுறேன். போன வாரம் செம மழை, அன்னைக்கு டைமராவது ஒண்ணாவது, நாலு பஜ்ஜி உள்ள போச்சு, அந்த கட்டத்துல டிக்குக்கு பதிலா எண்ணெய்க்கறை தான் இருக்கு.