கடற்கரை ஊரில் மாதிரி ரயில் அச்சிடுகிறீர்களா?

மண்டபம், பாம்பன் பக்கம் த்ரீ-டி பிரிண்டரில் மாதிரி ரயில் செய்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது ஈரம். கடல்காற்றில் திறந்து கிடக்கும் பி.எல்.ஏ. இழை (பிரிண்டர் உருக்கி அச்சிடும் பிளாஸ்டிக் நூல்) ஈரத்தை உறிஞ்சிவிடும். அச்சிடும்போது நாசிலில் (உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனை) 'சடசட' என்று மெல்லிய சத்தம் வரும். ரயில் பெட்டியின் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் சிலந்தி நூல் மாதிரி தொங்கும். அவ்வளவு வேலையும் வீண், மனசு கேட்காது. இழைச் சுருளை ஃபிலமென்ட் டிரையரில் (இழையைச் சூடாக்கி உலர்த்தும் பெட்டி) 45 டிகிரியில் 6 மணி நேரம் உலர்த்துங்கள். அப்புறம் ரப்பர் வளைய மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

இன்னொன்று, 1:87 அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு) நம் அகலப்பாதையின் 1676 மி.மீ. தண்டவாள இடைவெளி சுமார் 19.3 மி.மீ. ஆகிறது, அந்த அளவு மாதிரி ரயில்களுக்கான எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளியோ 16.5 மி.மீ.தான், அதனால் பொருந்தாது. பழைய மீட்டர்கேஜ் பாம்பன் ரயில் என்றால் 12 மி.மீ. தண்டவாளமே கிட்டத்தட்டப் பொருந்திவிடும்.