பழைய லண்டன் வீட்டில் பாய்லரை மாற்றப் போகிறீர்களா?

நீரைக் காய்ச்சி ரேடியேட்டர் வழியாக வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் எப்போதும் கடுங்குளிரில்தான் படுத்துக்கொள்ளும். அந்த அவசரத்தில் கிடைத்ததை வாங்கி மாட்டிவிட்டு, பிறகு பல வருடம் அதிக பில் கட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை முடிவு செய்துவிடுங்கள். விக்டோரியா காலத்து வீடென்றால் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மரப்பலகைத் தரை, அறைக்கு அறை கணப்பு. எல்லா வழியாகவும் சூடு போகும்.

1. முதலில் ஓட்டையைத் தேடுங்கள்

காற்று பலமாக அடிக்கும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, திரைச்சீலையில் படாமல், சன்னல் ஓரம், கதவின் அடி, தபால் போடும் துளை, தரையும் சுவரும் சேரும் இடம் என்று மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழுந்தால் கவலையில்லை. அறைக்குள் சாய்ந்தால் அங்கே இடுக்கு இருக்கிறது. பயன்படுத்தாத கணப்பின் முன் பிடித்தால், விறுவிறுவென்று புகைபோக்கிக்குள் ஏறும். நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றும் அதே வழியாகத்தான் போகிறது. இவற்றை அடைக்க ஆகும் செலவு மிகக் குறைவு. பரணில் வெப்பக்காப்பு 270 மில்லிமீட்டர் கனத்துக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளிச்சுவரின் அடியில் உள்ள துளைச் செங்கற்களை மட்டும் தொடாதீர்கள். அவற்றை அடைத்தால் தரைக்கு அடியில் ஈரம் தங்கி உத்தரம் உளுத்துப்போகும். கேஸ் கணப்பு எரியும் அறையின் காற்றுவழியையும் அடைக்கக் கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்டது.

2. ஐம்பது டிகிரி சோதனை

உறைபனி விழும் நாளில், ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பத்தை பாய்லரில் 50 டிகிரிக்குக் குறைத்து, நாள் முழுக்க ஓடவிடுங்கள். தனியாக வெந்நீர்த் தொட்டி இருந்தால், சோதனை முடிந்ததும் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள். தொட்டி நீர் 60 டிகிரியை எட்டாவிட்டால் கிருமி வளரலாம். வெளியிலிருக்கும் சூட்டை இழுத்து வீட்டுக்குள் தரும் மின் கருவியான ஹீட் பம்ப், இப்படிக் குறைந்த வெப்ப நீரில்தான் சிக்கனமாக ஓடும். ஆகவே வீடு கதகதப்பாகவே இருந்தால் அது உங்களுக்குப் பொருந்த நல்ல வாய்ப்பு உண்டு. ஓர் அறை மட்டும் சில்லிட்டால் அந்த ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் போதும்.

3. எதை வாங்குவது?

பிரிட்டனில் மின்சாரம் யூனிட்டுக்கு கேஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஹீட் பம்ப் சுமார் மூன்று யூனிட் சூடு தரும். சாதாரண மின் ஹீட்டர் ஒன்றுதான் தரும். ஆகவே வீடு முழுவதற்கும் மின் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஹீட் பம்புக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்டு அரசு மானியம் உண்டு, பொருத்துபவரே விண்ணப்பிப்பார். வெளியே அதன் பெட்டிக்கும் உள்ளே வெந்நீர்த் தொட்டிக்கும் இடம் வேண்டும். இடமில்லை, சோதனையிலும் வீடு தேறவில்லை என்றால் கேஸ் பாய்லரே இருக்கட்டும். அதையும் குறைந்த வெப்பத்தில் ஓட்டினால் கேஸ் மிச்சமாகும்.

4. விலை கேட்கும்போது

பொருத்துபவரிடம், அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டு எழுத்தில் தரச் சொல்லுங்கள். படுக்கையறைகளை எண்ணிவிட்டு உடனே விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.