காய்ச்சலோடு போய் இதய அபாயத்தை அளக்காதீர்கள்

போன வாரம் சளி, காய்ச்சல். அல்லது பல் பிடுங்கியிருக்கிறது. அது முழுசாக ஆறுவதற்குள் ஹெல்த் செக்கப்புக்குப் போகிறோம். ரிப்போர்ட்டில் ஹெச்எஸ்-சிஆர்பி (உடலில் உள்ள அழற்சியை, அதாவது இன்ஃப்ளமேஷனை, காட்டும் ரத்த டெஸ்ட்) 14 என்று வருகிறது. பக்கத்தில் ‘இதய நோய் அபாயம்: அதிகம்’ என்ற அச்சடித்த வரி. வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போய்விடும். ஆனால் அந்த 14 பெரும்பாலும் இதயத்தைப் பற்றியே பேசவில்லை.

சிஆர்பி கல்லீரலில் உருவாகும் புரதம். உடலில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கும். அது கல்லீரலை எட்டியதும் சில மணி நேரத்திலேயே சிஆர்பி ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். 1930-இல் இதை முதலில் கவனித்ததே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். ரத்தக் குழாயின் சுவரில் கொழுப்பு படியும் இடத்திலும் எதிர்ப்பு அணுக்கள் வந்து கூடுகின்றன. அங்கே ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் அழற்சி நடக்கிறது. அந்த மெல்லிய அளவைத்தான் நாம் பார்க்க நினைக்கிறோம். காய்ச்சல் நேரத்தில் அதைத் தேடுவது, மேளச் சத்தத்துக்கு நடுவே கைக்கடிகாரத்தின் டிக்டிக்கைக் கேட்கப் பார்ப்பது மாதிரி.

லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்பது வழக்கமான கணக்கு. 10-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கையே மறந்துவிட்டு, தொற்றோ வேறு அழற்சியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பு தேறியதும், குறைந்தது இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம். இன்னொன்று, இந்த டெஸ்டுக்கு மட்டும் என்றால் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

அடுத்த குழப்பம் பெயரில். சாதாரண சிஆர்பி டெஸ்ட் வேறு, ஹெச்எஸ்-சிஆர்பி வேறு. அளக்கும் புரதம் ஒன்றுதான். ஆனால் சாதாரண டெஸ்ட் தொற்றைக் கண்டுபிடிக்க வந்தது, 1-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் அதற்குச் சரியாகப் பிடிபடாது. ‘நார்மல்’ என்று வந்த சாதாரண சிஆர்பியை வைத்துக்கொண்டு இதயம் பத்திரம் என்று நிம்மதியடைய முடியாது. அலகையும் பாருங்கள். சில ரிப்போர்ட்டுகள் டெசிலிட்டர் கணக்கில் வரும். அதில் 0.4 என்றால் லிட்டர் கணக்கில் 4. பத்து மடங்கு! அழற்சிக்காக எடுக்கும் இன்னொரு ரத்த டெஸ்டான ஈஎஸ்ஆர் இந்த ஆட்டத்திலேயே இல்லை. ரத்தசோகை, கர்ப்பம், வயது என்று எதற்கெல்லாமோ அது ஏறும்.

இன்னும் பெரிய தவறு, எண்ணையே எதிரியாக நினைப்பது. சிஆர்பியைக் குறைத்துவிட்டால் மாரடைப்பு வராது என்ற நம்பிக்கையில்தான் ‘அழற்சி நீக்கும்’ மாத்திரைகளும் பொடிகளும் விற்கின்றன. மரபணு ஆய்வுகள் சொல்வது வேறு. பிறவியிலேயே சிஆர்பி சற்று அதிகமாக இருக்கும் மரபணு வகை கொண்டவர்களுக்கு அதனாலேயே இதய நோய் கூடுவதில்லை. குற்றவாளி அதற்கு மேல்படியில், இன்டர்லூக்கின் பாதையில் இருக்கிறது. 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வு இதைச் சோதித்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த, ஹெச்எஸ்-சிஆர்பி 2-க்குக் குறையாத சுமார் 10,000 பேர். இன்டர்லூக்கின்-6-க்கு முந்தைய படியான இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் ஊசியால், கொலஸ்ட்ரால் குறையாமலேயே, மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிர்போகும் தொற்றுகள் கூடின. எதிர்ப்புச் சக்தியில் கைவைத்தால் அதற்கு விலை உண்டு. பின்னர் வந்த இன்னொரு ஆய்வில் மெத்தோட்ரெக்ஸேட் என்ற அழற்சி மருந்து இன்டர்லூக்கினையும் குறைக்கவில்லை, மாரடைப்பையும் குறைக்கவில்லை. எல்லா அழற்சி மருந்தும் ஒன்றல்ல.

கோல்ச்சிசின் என்ற பழைய கௌட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வலி) மருந்து சில ஆய்வுகளில் பலன் தந்திருக்கிறது, சமீபத்திய பெரிய ஆய்வொன்றில் தரவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது விஷமாகலாம், ஆகவே கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் விஷயமே அல்ல.

சரி, அப்போது இந்த டெஸ்ட் எதற்கு? கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவர் இரண்டு மனதாக இருக்கும் நடுத்தர அபாயக்காரர்களுக்குத்தான் இது அதிகம் உதவும். அங்கே 2 அல்லது அதற்கு மேல் வந்தால் தராசு மருந்துப் பக்கம் கொஞ்சம் சாயும். மற்றபடி, ஹெச்எஸ்-சிஆர்பி 0.6 வந்ததைக் காட்டி, எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 190 இருப்பதை அலட்சியப்படுத்துவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. புகைபிடித்தாலும், இடுப்பளவு கூடினாலும், ஈறு வீங்கியிருந்தாலும், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிட்டாலும் இந்த எண் ஏறும். இதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினால் அவராலும் சரியாகப் படிக்க முடியாது.

நெஞ்சு வலிக்கும்போது ஹெச்எஸ்-சிஆர்பி எடுத்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது வரும் வருடங்களுக்கான கணிப்பு. இந்த நிமிடத்து மாரடைப்பைச் சொல்வது இசிஜியும் ட்ரோபோனின் என்ற ரத்த டெஸ்டும்தான், அவை இரண்டும் அவசர சிகிச்சைப் பிரிவில் எடுப்பவை.