தோட்டத்துல பெரியவங்களுக்கு பயிற்சி வைக்கிறீங்களா? முதல்ல நாள பாருங்க

இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை பக்கம் தேயிலைத் தோட்டத்து ஆளுங்களுக்கு பயிற்சி பட்டறை வைக்கிறவங்க ஹோல், புரொஜெக்டர் எல்லாம் பிறகு பாருங்க, முதல்ல நாள சரியா போடுங்க. வேலை நாள்ல வச்சா கொழுந்து எடுக்கிறவங்களுக்கு அன்னைக்கு பேர், அதாவது அந்த நாள் சம்பளம், இல்லாம போயிடும், பிறகு யாரு வருவாங்க? ஞாயித்துக்கிழமை நல்லம், ஆனா சம்பளம் போட்ட உடனே வாற ஞாயிறுன்னா எல்லாரும் சாமான் வாங்க டவுனுக்கு போயிருவாங்க, லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) ஆளே இருக்காது, அதனால அத விட்டுட்டு கோயில் திருவிழாவும் இல்லாத ஒரு ஞாயிறா பாத்து, வீட்டு வேலை முடிச்சிட்டு வர்ற மாதிரி பத்து மணிக்கு மேல தொடங்குங்க.

முடிக்கிற நேரத்த கடைசி பஸ்ஸ வச்சு தீர்மானிங்க. மேல் டிவிஷன் (தோட்டத்துல மலை மேல இருக்கிற பகுதி) ஆளுங்க பஸ்ஸ விட்டா பனிமூட்டத்துக்குள்ள நடந்து தான் ஏறணும்.

பிள்ளைங்கள பாத்துக்க பக்கத்துலயே ஒரு ரூமும் ஒரு ஆளும் கட்டாயம் வேணும், இத செய்யாம தாய்மார் வரலன்னு குறை சொல்றது நியாயமே இல்ல.

ஜூன், ஜூலைன்னா தென்மேற்கு மழை, கரண்ட் எப்பவும் போகலாம். அதனால டிமை பேப்பர்ல (பெரிய தாள்ல) பெரிய எழுத்துல எழுதி கொண்டு போங்க, பின்னால இருக்கிறவங்களுக்கும் தெரியணும். பிளேன்டீயும் ரொட்டி சம்பலும் அங்கயே யார்கிட்டயாவது காசு குடுத்து செய்ய சொல்லலாம்.